ஒரே மாதத்தில் மொத்த டீமும் காலி! அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகள் கூடைப்பந்து அணியை எப்படிக் கட்டுகின்றன?

ஸ்டீஃபன் கரியைத் தெரியாத கூடைப்பந்து ரசிகர் இருக்க முடியாது. ஆனால் அவர் படித்த டேவிட்சன் கல்லூரியைப் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சுமார் 2,000 மாணவர்கள் மட்டுமே படிக்கும் சின்னக் கல்லூரி அது. பெரிய கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் தர முன்வராததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்தான் கரி.

முதல் ஆண்டிலேயே ஒரு மேட்ச்சுக்குச் சராசரியாக 21.5 புள்ளிகள் குவித்தார். அடுத்த ஆண்டு, அதாவது 2008-ல், தேசியத் தொடரில் கோன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என மூன்று அணிகளை வீழ்த்தி, டேவிட்சன் கடைசி 8 அணிகளில் ஒன்றாக வந்தது. கேன்சஸ் அணியிடம் வெறும் 2 புள்ளிகளில் தோற்றது.

இப்போ ஒரு கேள்வி. இதே கரி இன்றைக்கு டேவிட்சனில் முதல் ஆண்டு முடித்திருந்தால் இரண்டாவது ஆண்டும் அங்கேயே இருந்திருப்பாரா? அன்றைக்கு வேறு கல்லூரிக்கு மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கல்லூரி மாணவர் விளையாட்டின் மூலம் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. இன்றைக்கு அந்த இரண்டு தடையும் இல்லை. சீசன் முடிந்த மறுநாளே பெரிய கல்லூரிகள் லட்சக்கணக்கான டாலரோடு வரிசையில் நிற்கும்.

அப்படின்னா, இந்தக் காலத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் எப்படித்தான் டீம் கட்டுகிறார்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், 'மிட்-மேஜர்' என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. இவை 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் 31 குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன.

இதில் எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி, பிக் ஈஸ்ட் ஆகிய ஐந்தும் பணமும் பலமும் உள்ள குழுக்கள். பெரிய டிவி ஒப்பந்தம், பிரமாண்ட அரங்கம் எல்லாம் இவர்களிடம்தான். இந்த ஐந்துக்கும் வெளியே இருக்கும் கல்லூரிகளைப் பொதுவாக 'மிட்-மேஜர்' என்று அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் தேசியத் தொடருக்கு 68 அணிகள் தேர்வாகின்றன. ஒவ்வொரு குழுவின் சாம்பியனுக்கும் நேரடி இடம் உண்டு. அதனால்தான் சின்னக் கல்லூரிக்கும் பெரிய கல்லூரியை நேருக்கு நேர் சந்திக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. 'மார்ச் மேட்னஸ்' என்று அமெரிக்காவே கொண்டாடுவது இந்த அதிர்ச்சி வெற்றிகளைத்தான்.

விதி எப்படி மாறியது? டைம்லைன்

• 2018 அக்டோபர்: 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' அறிமுகம். கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் கல்லூரியிடம் சொன்னால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பெயரை இந்த ஆன்லைன் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு மற்ற கோச்சுகள் அவரிடம் பேசலாம். பழைய கோச்சின் அனுமதி தேவையில்லை.

• 2021 ஏப்ரல்: ஒருமுறை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது.

• 2021 ஜூலை 1: வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழை வைத்து விளம்பரம் போன்ற வழிகளில் சம்பாதிக்க அனுமதி. இதற்குப் பெயர் என்ஐஎல். காகிதத்தில் இது விளம்பர வருமானம். நடைமுறையில், கல்லூரியின் ரசிகர்களும் நன்கொடையாளர்களும் சேர்ந்து அமைத்த 'கலெக்டிவ்' குழுக்கள் வீரர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தன.

• 2024 ஏப்ரல்: நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது.

• 2025 ஜூன் 6: 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26 ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். அன்றைய மதிப்பில் நம்ம ரூபாயில் ஏறக்குறைய 175 கோடி! இத்திட்டத்தில் சேரும் கல்லூரி கூடைப்பந்தில் அதிகபட்சம் 15 பேரை வைத்துக்கொள்ளலாம்.

பெரிய குழுக்களில் உள்ள பல கல்லூரிகள் அந்த உச்சவரம்பைத் தொடுவதற்குத் திட்டமிட்டன. பெரும்பாலான மிட்-மேஜர்களுக்கு அது எட்டாத உயரம். சில கல்லூரிகளின் மொத்த விளையாட்டுத் துறை பட்ஜெட்டே அந்த அளவுதான் வரும்.

போர்ட்டல் திறந்தால் என்ன ஆகும்?

2025-ல் போர்ட்டல் மார்ச் 24 அன்று திறந்து ஏப்ரல் 22-ல் மூடியது. மார்ச் 24 என்பது தேசியத் தொடரின் இரண்டாவது சுற்று முடிந்த மறுநாள். அதாவது, 16 அணிகள் கோப்பைக்காக இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே மற்ற அணிகளின் வீரர்கள் கடை மாற ஆரம்பித்துவிட்டார்கள்!

அந்த ஆண்டு முதல் பிரிவில் 2,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து வீரர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 350-க்கு மேல் அணிகள், அணிக்கு 13 முதல் 15 பேர். மொத்தமே சுமார் 5,000 பேர்தான். அதில் 2,000-க்கு மேல் என்றால், சராசரியாக ஒவ்வொரு அணியிலும் ஐந்து, ஆறு பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது மெகா ஏலம் மாதிரி தோன்றலாம். ஆனால் முக்கியமான வித்தியாசம் இருக்கு. ஐபிஎல்-ல் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ். வீரரைத் தக்கவைக்கும் உரிமை அணிக்கு உண்டு. மெகா ஏலமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். இங்கே பர்ஸ் ஆளுக்கு ஆள் வேறு. தக்கவைக்கும் உரிமை கிடையாது. ஏலம் வருடா வருடம் நடக்கும்.

டிரேக்: ஓர் அணி, மூன்று ஆண்டு, மூன்று கோச்

இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கல்லூரியின் கதை போதும். அயோவா மாநிலத்தின் டிமாய்ன் நகரில் இருக்கும் டிரேக் பல்கலைக்கழகம்.

2024 வரை டிரேக்கின் கோச் டேரியன் டிவ்ரீஸ். அணியின் நட்சத்திரம் அவருடைய மகன் டக்கர் டிவ்ரீஸ். 2024 சீசன் முடிந்ததும் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் அப்பாவை அழைத்தது. மகனும் கூடவே போனார். மற்ற முக்கிய வீரர்களும் கிளம்ப, டிரேக்கின் டிரஸ்ஸிங் ரூம் கிட்டத்தட்ட காலி.

அடுத்து வந்தவர் பென் மெக்காலம். அதுவரை முதல் பிரிவில் தலைமை கோச்சாக இருந்த அனுபவமே இல்லாதவர். ஆனால் இரண்டாம் பிரிவில் நார்த்வெஸ்ட் மிசோரி ஸ்டேட் அணிக்கு 2017, 2019, 2021, 2022 என நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். அதில் 2019 அணி 38 மேட்ச் ஆடி 38-லும் வென்றது.

காலியான அணியை அவர் எப்படி நிரப்பினார் தெரியுமா? தன் பழைய அணியிலிருந்து நான்கு பேரைக் கூடவே அழைத்து வந்தார். பென்னட் ஸ்டர்ட்ஸ், மிட்ச் மஸ்காரி, டேனியல் அப்ரேயு, ஐசையா ஜாக்சன். இரண்டாம் பிரிவு ஆட்களை வைத்துக்கொண்டு முதல் பிரிவில் என்ன செய்துவிட முடியும் என்று பலரும் நினைத்தார்கள். இவர்களோடு வயோமிங் பல்கலைக்கழகத்தில் இருந்து மாறி வந்த கேம் மன்யாவு, கேல் கோம்ப்ஸ் போன்றவர்களும் சேர்ந்தார்கள்.

நடந்தது என்ன? 31 வெற்றி, 4 தோல்வி. மிசோரி வேலி குழுவின் சாம்பியன். தேசியத் தொடரின் முதல் சுற்றில், எஸ்இசி குழுவைச் சேர்ந்த மிசோரி அணியை 67-57 என வீழ்த்தியது டிரேக். அடுத்த சுற்றில் டெக்சாஸ் டெக்கிடம் தோற்றது. ஒரு மேட்ச்சுக்குச் சராசரியாக 19 புள்ளிகள் எடுத்த ஸ்டர்ட்ஸ் அந்தக் குழுவின் சிறந்த வீரர் விருதை வென்றார்.

கதை இங்கேயே முடிந்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் தோற்ற சில நாட்களிலேயே, பிக் டென் குழுவில் உள்ள அயோவா பல்கலைக்கழகம் மெக்காலமை அழைத்துக்கொண்டது. ஸ்டர்ட்ஸ் உள்படப் பல வீரர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். டிரேக் மறுபடியும் பூஜ்ஜியத்துக்கு வந்தது. இந்த முறை டிரேக் செய்ததும் அதே வேலைதான்: சவுத் டகோட்டா ஸ்டேட் என்ற இன்னொரு மிட்-மேஜரில் இருந்து எரிக் ஹெண்டர்சன் என்ற கோச்சை அழைத்து வந்தது.

பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிறது. சின்ன மீன் அதைவிடச் சின்ன மீனைத் தேடிப் போகிறது.

டிரேக்கில் வேலை செய்தது எது?

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அணியில் மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது, பழக்கம். புதிய அணியில் எல்லாரும் புதியவர்கள் என்றால், யார் எங்கே நிற்பார், யார் எப்போது பாஸ் தருவார் என்பதே புரிய மாதங்கள் ஆகும். டிரேக்கில் நான்கு பேருக்குக் கோச்சின் ஆட்டமுறை ஏற்கெனவே அத்துப்படி. மற்றவர்களுக்கு அவர்களே பாதி கோச் ஆகிவிட்டார்கள்.

இரண்டாவது, வேகம். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று அது. பந்தை வைத்துக்கொண்டு, நல்ல ஷாட் கிடைக்கும் வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஒரு மேட்ச்சில் தாக்குதல் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைந்தால், பலமான அணி தன் பலத்தைக் காட்டும் வாய்ப்பும் குறைகிறது. உயரமும் வேகமும் குறைந்த அணிக்கு இது பழைய, ஆனால் பலன் தரும் உத்தி.

மூன்றாவது, ஒரே ஒரு ஆள் மீதான நம்பிக்கை. ஸ்டர்ட்ஸ் 40 நிமிட ஆட்டத்தில் கிட்டத்தட்ட முழு நேரமும் களத்தில் இருந்தார். முடிவெடுக்கும் பந்து அவர் கையில்தான்.

இதே ஃபார்முலா ஏற்கெனவே ஒருமுறை வென்றிருக்கிறது. ஃபேர்லீ டிக்கின்சன் பல்கலைக்கழகம் 2021-22 சீசனில் 4 மேட்ச் மட்டுமே வென்றது, 22-ல் தோற்றது. அடுத்து வந்த கோச் டோபின் ஆண்டர்சன், தான் முன்பு இருந்த இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் இருந்து மூன்று பேரை அழைத்து வந்தார். முதல் பிரிவிலேயே மிகக் குள்ளமான அணி அது. 2023 மார்ச்சில் அந்த அணி பர்டூவை 63-58 என வீழ்த்தியது. கடைசி ரேங்க் அணி முதல் ரேங்க் அணியை வீழ்த்தியது ஆண்கள் தொடர் வரலாற்றிலேயே அது இரண்டாவது முறை. அடுத்த சில நாட்களில் ஆண்டர்சன் ஐயோனா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்!

கோச்சுக்கு முன்னால் இருக்கும் 5 கடைகள்

சீசன் முடிந்ததும் மிட்-மேஜர் கோச் முதலில் தன் வீரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். யார் இருக்கிறார், யார் கிளம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு காலியான இடங்களை நிரப்ப அவருக்கு ஐந்து வழிகள்.

1. மேலிருந்து கீழே வருபவர்கள்: பெரிய கல்லூரியில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த வீரர். திறமை இருக்கும், ஆட நேரம் கிடைத்திருக்காது. 'இங்கே வா, 30 நிமிடம் ஆடு' என்பதுதான் மிட்-மேஜர் தரக்கூடிய பெரிய சம்பளம். ஆபத்து என்னவென்றால், நன்றாக ஆடினால் ஓர் ஆண்டில் மறுபடியும் மேலே போய்விடுவார்.

2. கீழிருந்து மேலே வருபவர்கள்: இரண்டாம் பிரிவு, ஜூனியர் காலேஜ், சின்னக் குழுக்கள். இங்கே வேலை கண்டுபிடிப்பது. கீழே 20 புள்ளி அடித்தவர் மேலேயும் அடிப்பாரா? அதனால் கோச்சுகள் மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை. ஃப்ரீ த்ரோ சதவீதம், பந்தைத் தவறவிடும் எண்ணிக்கை, பலமான எதிரணியோடு ஆடியபோது எப்படி இருந்தார் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். 2024-ல் கென்டக்கி அணிக்கு எதிராக 10 மூன்று-புள்ளி ஷாட் அடித்து ஓக்லாந்து அணிக்கு 80-76 வெற்றி தேடித்தந்த ஜாக் கோல்கி, இரண்டாம் பிரிவின் ஹில்ஸ்டேல் கல்லூரியில் இருந்து வந்தவர்தான்.

3. கடைசி ஆண்டு வீரர்கள்: டிகிரி முடித்தவர், 22, 23 வயது, உடல் பலம் முழுமையாக வந்தவர். 18 வயதுப் பையன்களை வைத்து ஆடும் அணியை இவர்கள் தோளால் தள்ளி ஜெயிக்க முடியும். ஆனால் அடுத்த ஆண்டு இவர்கள் இருக்க மாட்டார்கள். இவர்களை மட்டுமே நம்பினால் ஒவ்வொரு ஏப்ரலிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

4. வெளிநாட்டு வீரர்கள்: கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரி பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் கடை போட்டிருக்கிறது. பேட்டி மில்ஸ், மேத்யூ டெல்லவடோவா இருவரும் அங்கே ஆடித்தான் என்பிஏ போனார்கள். ஆனால் பணம் பேச ஆரம்பித்ததும் பெரிய கல்லூரிகளும் ஐரோப்பா பக்கம் போய்விட்டன. இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவர் விசாவில் வருபவர் அமெரிக்காவில் வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகும்போது சந்திக்கும் அதே எஃப்-1 விசா தலைவலிதான்.

5. பள்ளி மாணவர்கள்: ஒரு காலத்தில் மிட்-மேஜரின் முதுகெலும்பே இவர்கள்தான். யாரும் கவனிக்காத பையனை 17 வயதில் எடுத்து, மூன்று ஆண்டு வளர்த்து, நான்காம் ஆண்டில் அறுவடை செய்வார்கள். இன்றைக்கு விதைப்பது ஒருவர், அறுப்பது இன்னொருவர் என்றாகிவிட்டது. அதனால் பல கோச்சுகள் பள்ளி மாணவர்களை எடுப்பதையே குறைத்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மிட்-மேஜருக்குப் பெரிய டிவி ஒப்பந்தம் கிடையாது. இருக்கும் வழிகள் சில.

ஒன்று, 'பை கேம்'. சீசன் ஆரம்பத்தில் பெரிய கல்லூரியின் அரங்குக்குப் போய் ஆடினால், அந்தக் கல்லூரி ஒரு தொகை தரும். பல நேரங்களில் இது ஒரு லட்சம் டாலரை ஒட்டி இருக்கும். பெரும்பாலும் தோல்வி நிச்சயம். ஆனால் அந்தக் காசு அணியின் செலவுக்கு உதவும்.

இரண்டு, தேசியத் தொடர். அதில் ஓர் அணி ஆடும் ஒவ்வொரு மேட்ச்சும் ஒரு 'யூனிட்'. ஒரு யூனிட்டின் மதிப்பு ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர். அது அணிக்கு நேரடியாக வராது. குழுவுக்குப் போய், பங்கு பிரிக்கப்படும். ஒரு சின்ன அணி ஒரு சுற்று ஜெயித்தால், அதன் பக்கத்துக் கல்லூரிக்கும் காசு வருவது இப்படித்தான்.

மூன்று, பழைய மாணவர்கள். 2025 மார்ச்சில் ஸ்டீஃபன் கரி, தன் டேவிட்சன் கல்லூரி அணியின் உதவி ஜெனரல் மேனேஜராகச் சேர்ந்தார். என்பிஏ-வில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் கல்லூரி அணியில் இப்படிப் பொறுப்பேற்றது புதுசு. கூடவே, வீரர்களுக்கு உதவ ஒரு நிதியும் தொடங்கப்பட்டது. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் ஒரு கரி கிடைப்பாரா?

இதனால்தான் இப்போது ஜெனரல் மேனேஜர் என்ற பதவியே பல கல்லூரிகளில் வந்துவிட்டது. 15 பேருக்குப் பணத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு நட்சத்திரத்துக்குப் பாதியைக் கொடுப்பதா, எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரிப்பதா? ஒப்பந்தத்தின் நடுவில் கிளம்பினால், அவரை எடுக்கும் கல்லூரி நஷ்ட ஈடு தர வேண்டும் என்று எழுதலாமா? இதெல்லாம் அவர்களுடைய வேலை.

எல்லாரையும் தக்கவைத்தால் ஜெயிக்கலாமா?

அதையும் ஒரு கல்லூரி செய்து பார்த்தது. ஃப்ளோரிடா அட்லாண்டிக். 2023-ல் 35 வெற்றிகளோடு கடைசி 4 அணிகளில் ஒன்றாக வந்து, சான் டியாகோ ஸ்டேட்டிடம் 72-71 எனக் கடைசி நொடி ஷாட்டில் தோற்ற அணி. அந்த அணியின் முக்கிய வீரர்கள் யாருமே கிளம்பவில்லை. எல்லாரும் திரும்பி வந்தார்கள். அதுவே அன்றைக்குப் பெரிய செய்தி.

ஆனால் 2024-ல் முதல் சுற்றிலேயே நார்த்வெஸ்டர்னிடம் தோற்று வெளியேறினார்கள். அதற்குப் பிறகு அணை உடைந்தது. கோச் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போனார். விளாடிஸ்லாவ் கோல்டின் அவரோடு மிச்சிகன். ஜானெல் டேவிஸ் ஆர்கன்சா. அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா.

அந்த மார்ட்டின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 7. தேசிய இறுதிப் போட்டியில் ஹூஸ்டனை 65-63 என வீழ்த்தி ஃப்ளோரிடா சாம்பியன் ஆனது. அதன் மூன்று முக்கிய கார்டு வீரர்களும் மிட்-மேஜரில் இருந்து வந்தவர்கள்! வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஐயோனாவில் இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டில் இருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் இருந்து. மூவருமே அந்த ஆண்டு என்பிஏ டிராஃப்ட்டில் தேர்வானார்கள். கோச் டாட் கோல்டன்கூட சான் ஃபிரான்சிஸ்கோ என்ற மிட்-மேஜரில் இருந்து போனவர்தான்.

அதாவது, மிட்-மேஜர்களின் திறமை கோப்பையை வென்றது. ஆனால் மிட்-மேஜர் சட்டையில் இல்லை.

கோப்பையில் இதன் விளைவு தெரிகிறதா?

2022-ல் 15-வது ரேங்கோடு வந்த செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டூவை வீழ்த்திக் கடைசி 8-க்குள் நுழைந்தது. 2023-ல் கடைசி 4-ல் இரண்டு அணிகள் பெரிய குழுக்களுக்கு வெளியே இருந்து வந்தன.

2025-ல் கடைசி 16 அணிகளைப் பாருங்கள். எஸ்இசி 7, பிக் டென் 4, பிக் 12-ல் இருந்து 4, ஏசிசி 1. மொத்தம் 16. வெளி ஆள் ஒருவர்கூட இல்லை. கடைசி 4-லும் நான்குமே முதல் ரேங்க் அணிகள்.

ஒரே ஓர் ஆண்டை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். நியாயம்தான். ஒரு மேட்ச், 40 நிமிடம், மூன்று-புள்ளி ஷாட் நன்றாக விழும் ஒரு நாள் என்றால் யாரும் யாரையும் வெல்லலாம். 2025-லும் டிரேக் வென்றது, மெக்னீஸ் அணி கிளெம்சனை 69-67 என வீழ்த்தியது. ஆனால் இரண்டு, மூன்று சுற்று தொடர்ந்து வெல்ல ஆழமான அணி வேண்டும். சேர்ந்தே வளர்ந்த அணி வேண்டும். அதுதான் இப்போது மிட்-மேஜரிடம் தங்குவதில்லை.

மெக்னீஸ் கதையில் ஒரு சுவாரசியமும் இருக்கு. அந்த அணியின் மாணவர் மேனேஜர் பெயர் அமீர் கான். நம்ம பாலிவுட் அமீர் கான் இல்லைங்க! ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு அணிக்கு முன்னால் நடந்து வந்த வீடியோ வைரலாகி, அவருக்கே விளம்பர ஒப்பந்தங்கள் குவிந்தன. சீசன் முடிந்ததும் கோச் வில் வேட் வட கரோலினா ஸ்டேட்டுக்குப் போக, கானும் அவரோடு கிளம்பிவிட்டார். பாட்டுப் போடும் மேனேஜரையும் விடவில்லை பெரிய கல்லூரி!

வீரர் மீது தப்பா?

பலரும் வீரர்களுக்கு விசுவாசம் இல்லை என்று திட்டுகிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோச் எப்போது வேண்டுமானாலும் போகலாம். 2022-ல் செயின்ட் பீட்டர்ஸின் கோச் ஷாஹீன் ஹாலோவே, அந்த அதிசயம் நடந்த சில நாட்களிலேயே சீட்டன் ஹாலுக்குப் போனார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. மாறாக, உழைப்புக்குக் கிடைத்த பலன் என்றார்கள்.

பல ஆண்டுகளாகக் கல்லூரிகள் இந்த விளையாட்டின் மூலம் கோடிகளில் சம்பாதித்தபோது, வீரருக்கு ஸ்காலர்ஷிப் மட்டுமே கிடைத்தது. என்பிஏ-வுக்குப் போகும் வாய்ப்பு மிகச் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் விளையாட்டின் மூலம் அதிகம் சம்பாதிக்கும் ஆண்டுகளே இந்த நான்குதான். ஏழைக் குடும்பத்துப் பையனிடம் ஒரு கல்லூரி லட்சம் டாலர் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல யாருக்கு உரிமை?

அதே நேரம், எல்லாருக்கும் இது லாபம் இல்லை. போர்ட்டலில் பெயர் கொடுத்தவுடன், பழைய கல்லூரி அந்தப் பருவத்தின் முடிவில் அவருடைய ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். புதிய கல்லூரி கிடைக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் இல்லை. சிலர் முதல் பிரிவில் இருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்குகிறார்கள். சிலருக்கு இடமே கிடைப்பதில்லை. கல்லூரி மாறும்போது படித்த பாடங்களின் கிரெடிட் எல்லாம் புதிய இடத்தில் செல்லாமல் போகலாம். நாலு ஆண்டில் நாலு கல்லூரி மாறியவரின் டிகிரி எப்போது முடியும்?

அதிகம் பேசப்படாதவர்கள் பள்ளி முடிக்கும் பையன்கள். 18 வயதுக்காரருக்குப் போக வேண்டிய இடத்தில் இப்போது 22 வயது வீரர் இருக்கிறார். பெரிய கல்லூரிகள் வேண்டாம் என்ற ஒரு பையனுக்கு 2006-ல் டேவிட்சன் இடம் தந்தது. அப்படி ஒரு பையனுக்கு இன்றைக்கு அந்த இடம் இருக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

அடுத்து என்ன?

சில மிட்-மேஜர் கோச்சுகள் நிலைமையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம்மிடம் இரண்டு ஆண்டு ஆடு, பெரிய இடத்துக்குப் போக நாங்களே தயார் செய்கிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லி ஆள் எடுக்கிறார்கள். இன்னும் சிலர், பணம் குறைவாக இருந்தாலும் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க விரும்பும் உள்ளூர்ப் பையன்களைத் தேடுகிறார்கள். ஆட்டமுறையை எளிமையாக்கி, கோடைக்காலத்தில் அனுமதிக்கப்பட்ட 8 வாரப் பயிற்சிக்குள் கற்றுக்கொடுக்கக்கூடியதாக மாற்றுகிறார்கள்.

அடுத்த மார்ச்சில் ஏதாவது ஒரு சின்னக் கல்லூரி ஒரு பெரிய அணியை வீழ்த்தினால், ஸ்கோரோடு நிறுத்தாமல் அந்த அணியின் வீரர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். யார் எந்தக் கல்லூரியில் இருந்து வந்தார் என்று அதில் இருக்கும். ஏப்ரல் கடைசியில் அதே பட்டியலை மறுபடியும் திறந்து பாருங்கள். எத்தனை பெயர் மிச்சம் இருக்கிறது என்பதில்தான், அந்தக் கல்லூரி கோச்சின் அடுத்த ஓர் ஆண்டு வேலை இருக்கிறது.